இரண்டாவது பொத்தான்

எர்ணாவூரில் குடியிருக்கும் ஒரு பெண்ணை நான் ஏமாற்றினேன். அரசாங்கத்துக்கு அனுப்பச் சொல்லி அவள் என்னிடம் சொன்ன புகாரை, யார் கண்ணில் படக் கூடாது என்று அவள் பயந்தாளோ அவர்கள் கைக்கே போகும்படி செய்து வைத்திருந்தேன். தெரியாமல் நடந்த தவறு இல்லை. தெரிந்து, யோசித்து, என் கையாலேயே செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பின்னால் நான் சொல்லப்போகிற சங்கதியை நீங்கள் நம்பாமல் போனாலும் போகலாம். இந்த ஒன்றையாவது நம்புங்கள்.

எனக்குப் பேய் பிசாசிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் ராத்திரியில் தானாக உயிர் பெறுகிறது என்று காவலாளி வேலையை விட்டே ஓடப் பார்த்தார். போய்ப் பார்த்தால் எவனோ ஒரு மாணவன் நேரம் குறித்து வைத்துவிட்டுப் போயிருந்தான். எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று வகுப்பில் வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். இந்த விஷயத்திலும் தேடினேன். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு டோல்கேட் பக்கம் ஒரு சின்ன நெட் சென்டர் வைத்தேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், யாராவது கேட்டால் இணையப் பக்கம் செய்து கொடுப்பது. கையில் போன் இருந்தாலும் அரசாங்கக் காரியம் என்றால் எங்கள் பக்கத்து ஜனங்கள் தாங்களே நிரப்ப மாட்டார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்வார்கள், நாம் அடிக்க வேண்டும். அவர்கள் பேசுகிற மாதிரி அடிக்க மாட்டோம், மனு மாதிரி மாற்றி அடிப்போம். அதற்குத்தான் நம்மிடம் வருகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எர்ணாவூர் பக்கம் ரசாயனம் சேமிக்கிற ஒரு தொட்டிக் கிடங்கு இருக்கிறது. பெயர் வேண்டாம். சாயந்திரமானால் அங்கிருந்து ஒரு நாற்றம் கிளம்பும். குடியிருப்பு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள், பேச்சுவார்த்தை நடந்தது, கடைசியில் கிடங்கு நிர்வாகமே ஒரு புகார்ப் பக்கம் திறக்க வேண்டும் என்று முடிவானது. அதில் இரண்டு பொத்தான்கள். முதலாவது ‘நிறுவனத்துக்கு அனுப்பு’. இரண்டாவது ‘அரசு அலுவலகத்துக்கு அனுப்பு’. காற்று மாசைக் கவனிக்கிற அலுவலகம் அது. அந்தப் பக்கத்தைச் செய்யும் வேலை என்னிடம் வந்தது.

கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் இதைப் புரியவைத்துவிடுவேன். இணையப் பக்கத்தில் பெயர், முகவரி, புகார் என்று கட்டங்கள் இருக்கின்றன அல்லவா, அந்த மொத்தத்துக்கும் ஹெச்டிஎம்எல்லில் ஃபார்ம் என்று பெயர். நிரப்பியதெல்லாம் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதை அந்த ஃபார்மின் தலையிலேயே எழுதிவிடுவோம். அடியில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் சரக்கு அங்கேதான் போகும். ஒரு பொத்தான் மட்டும் வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றால், அந்தப் பொத்தானுக்குள் தனியாக ஒரு முகவரி எழுத வேண்டும். ஃபார்ம்ஆக்‌ஷன் என்பார்கள். அது இருந்தால் தலையில் உள்ள முகவரி செல்லாது, பொத்தானில் உள்ளதுதான் செல்லும். அது இல்லாவிட்டால் பொத்தானின் முகத்தில் என்ன எழுதி வைத்தாலும் அது வெறும் பூச்சு. எண்ணூர் என்று போர்டு மாட்டிய ஷேர் ஆட்டோவைப் புளியந்தோப்புக்கு ஓட்டுகிற மாதிரி. ஆட்டோவில் ஏறினவராவது பாதி வழியில் கண்டுபிடித்துச் சத்தம் போடுவார். பொத்தானை அமுக்கினவருக்குத் தெரியவே தெரியாது.

நான் முதலில் சரியாகத்தான் எழுதியிருந்தேன். அதைக் காட்டப் போன அன்று கிடங்கின் மேலாளர் எனக்குக் கார் அனுப்பினார். குளிர்சாதன அறையில் உட்காரவைத்து, நான் அந்தக் காலத்துப் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களைப் பற்றிச் சொன்னதை எல்லாம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். பிறகு சொன்னார்.

“ப்ரொபசர், ரெண்டு பட்டனும் முதல்ல நம்மகிட்டயே வரட்டும். நாங்க பார்த்துட்டு அவங்களுக்கு அனுப்பிடறோம். ஒரு வரிதானே சார் எடுக்கணும்?”

“ஒரு வரிதான்” என்றேன்.

காசுக்காகச் செய்யவில்லை. அதைவிடக் கேவலம். ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. பழைய மாணவர்கள் ரோட்டில் பார்த்தால் வணக்கம் வைத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். இந்த மனிதர் ப்ரொபசர் என்று கூப்பிட்டார், நான் பேசப் பேசக் கேட்டார். அன்று சாயந்திரமே இரண்டாவது பொத்தானில் இருந்து அந்த வரியை எடுத்துவிட்டேன். எதை அமுக்கினாலும் ‘உங்கள் புகார் பெறப்பட்டது’ என்று ஒரு பக்கம் வரும். யாரால் பெறப்பட்டது என்று அதில் இருக்காது.

தேசம்மா என் கடைக்கு வந்தது அதற்குப் பிறகு. மீன் வறுத்து விற்கிறவள். பக்கத்து ஆஸ்பத்திரியில் மகளுக்கு மூச்சுத்திணறலுக்கு மருந்துப் புகை வைத்துக்கொண்டு நேராக வந்திருந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

“வாத்யாரே, அந்த கெடங்கு நாத்தத்துக்கு ஒரு பெட்டிசன் போடணும். நெட்டுல போட்டா யாருக்கும் தெரியாதாமே.”

உட்காரச் சொன்னேன். பெயரையும் பிளாக் எண்ணையும் அடித்தேன். கணவர் பெயர் என்ற கட்டம் வந்தபோது என் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினாள்.

“அத்த மட்டும் வேணாம். எங்க ஊட்டுக்காரரு அந்த கெடங்குலதான் காண்ட்ராக்ட்ல தொட்டி கயுவறாரு. கம்பெனிக்குப் போவாதில்ல?”

“போகாதும்மா. நீ இரண்டாவது பட்டனை அமுக்கினால் அரசாங்கத்துக்குத்தான்.”

எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, எவ்வளவு சுலபமாக வந்தது என்று.

அவள் சொன்னாள். “சாயங்காலமானா கலீஜா ஒரு நாத்தம் வருது வாத்யாரே. ஜன்னல மூடினாலும் வருது. எம் பொண்ணுக்கு இழுப்பு. ராத்திரில அது மூச்சு வுடறத எண்ணிக்கினே படுத்துக்கினு கீறேன். ஒண்ணு தப்புச்சுன்னா எயுந்து குந்திக்குவேன்.”

நான் அடித்தது இது: மாலை நேரங்களில் துர்நாற்றம் வீசுகிறது, என் மகளுக்கு மூச்சுத்திணறல் உள்ளது, தக்க நடவடிக்கை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மூச்சை எண்ணுவதை விட்டுவிட்டேன். மனுவில் அதற்கெல்லாம் இடமில்லை.

“நானே அமுக்கறேன்” என்றாள். மவுஸில் அவள் விரலை வைத்துக் காட்டினேன். அமுக்கினாள். ஆனால் விரலை எடுக்கவில்லை. பொத்தான் உள்ளே போன மாதிரி நிறம் மாறி அப்படியே நின்றது. விரலை எடுத்தால்தான் அது போகும். பழக்கம் இல்லாதவர்களுக்கு அது தெரியாது.

“விடும்மா.”

“போச்சா?”

“விட்டாத்தான் போகும்.”

கண்ணை மூடி, உதட்டை இறுக்கி, இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தாள். பெறப்பட்டது என்று வந்தது. அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போனாள்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மறுநாள் மேலாளர் போன் செய்தார். “ப்ரொபசர், தேசம்மான்னு ஒரு லேடி. பிளாக் நம்பர் மட்டும்தான் இருக்கு. அவங்க வீட்டுக்காரர் யாருன்னு தெரியுமா? நேர்ல போய் ஆறுதலா நாலு வார்த்தை பேசலாம்னுதான்.” என்ன ஆறுதல் என்று எனக்குத் தெரியாதா. ஆதாரில் முகவரி மாற்றுவதற்காக அவள் புருஷன் முன்பு ஒரு தடவை என் கடைக்கு வந்திருந்தார், பெயர் நினைவிருந்தது. “எட்டியப்பன். உங்க காண்ட்ராக்ட்லதான் சார் இருக்கார்” என்றேன். அவர் கேட்ட தொனி அப்படி. கேட்டதும் பதில் சொல்லத் தெரிகிற மாணவனைப் போல முந்திக்கொண்டு சொன்னேன்.

அந்த வாரமே எட்டியப்பனை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தேசம்மா மறுபடியும் கடைக்கு வந்தாள், இந்தத் தடவை உட்காரவில்லை.

“வாத்யாரே, அது கெவுருமென்ட்டுக்குத்தானே போச்சு?”

“ஆமாம்மா.”

“அப்பறம் அவனுங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது?”

“எனக்கென்னம்மா தெரியும்.”

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். “எதுத்த ஊட்டு அஞ்சல ஒருத்திகிட்டதான் சொன்னேன். அவதான் போட்டுக் குடுத்துக்கீறா. கூடப் பொறந்தவ மாதிரி வெச்சிருந்தேன் வாத்யாரே அவள.”

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவள் போய்விட்டாள்.

பல மாதம் கழித்து, ஒப்பந்தக் காலம் முடிந்தது, பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று கிடங்கில் இருந்து சொன்னார்கள். அன்று ஒரு புதன்கிழமை. ராத்திரி இல்லை, அமாவாசை இல்லை. பட்டப்பகல், மத்தியானம், வெயில் கொளுத்துகிறது. கடை வாசலில் குழாய் போடத் தெருவைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே கேபிளை அறுத்துவிட்டார்கள், நெட் இல்லை. நெட் இல்லாத நெட் சென்டருக்கு யார் வருவார்கள். கேபிள் ஆள் வந்தால் பார்க்கட்டும் என்று கம்ப்யூட்டரில் இருந்த நெட் ஒயரையும் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, தயிர் சாதத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்ப்போமே என்று என் கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் பக்கத்தின் பிரதியைத் திறந்தேன்.

முதல் கட்டத்தில் எழுத்து விழ ஆரம்பித்தது.

கீபோர்டில் பருக்கை விழுந்திருக்கும் என்று நினைத்தேன். தலைகீழாகத் தட்டினேன். எழுத்து நிற்கவில்லை. கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினேன், அப்போதும் நிற்கவில்லை. யாரோ ஒரு விரலால் தேடித் தேடி அடிக்கிற வேகம். ஒரு பெயர், ஒரு பிளாக் எண், பிறகு புகார்க் கட்டம் நிறைந்தது. பிறகு இரண்டாவது பொத்தான் உள்ளே போனது. மவுஸ் அம்பு எங்கேயோ மூலையில் கிடந்தது, நான் அதைத் தொடவில்லை. பொத்தான் உள்ளே போய் அப்படியே நின்றது, நம்பினால் நம்புங்கள், தேசம்மா அமுக்கினாளே அதே மாதிரி, எடுக்க மனசில்லாத விரல் ஒன்று அதன் மேல் இருக்கிற மாதிரி. பிறகு வெளியே வந்தது. ‘உங்கள் புகார் பெறப்பட்டது’. நெட் ஒயர் என் கண் முன்னால் மேசை மேல் கிடக்கிறது.

பக்கம் மறுபடியும் வெறுமையாக வந்தது. மறுபடியும் பெயர் விழுந்தது. வேறு பெயர். அதன் பிறகு இன்னொன்று. சில பெயர்கள் நானே என் கடையில் அடித்துக் கொடுத்தவை. சில பெயர்களை நான் பார்த்ததே இல்லை, அவரவர் போனில் அனுப்பியிருப்பார்கள். அவற்றை எல்லாம் நான் சேமித்து வைக்கவில்லை. வந்ததெல்லாம் கிடங்குக்காரர்களிடம்தான் இருந்தது. எழுந்து ஓடியிருக்கலாம். ஏனோ ஓடத் தோன்றவில்லை, பயம் என்பதைவிட வேறு ஏதோ ஒன்று என்னை நாற்காலியில் பிடித்து வைத்திருந்தது. வரிசையில் நிற்கிறவர்களை நடுவில் விட்டுவிட்டுக் கவுன்டரைச் சாத்தக் கூடாது என்பது போல ஒரு எண்ணம். வாசலில் குழி தோண்டுகிறவர்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாகத் தேசம்மாவின் பெயர் வந்தது. என் கண்ணாடி வேர்வையில் மங்கிவிட்டது, புகாரைப் படிக்க முடியவில்லை. பொத்தான் மட்டும் உள்ளே போய் வெகு நேரம் நின்றது தெரிந்தது. அதோடு நின்றுவிட்டது. தயிர் சாதம் காய்ந்துபோயிருந்தது.

பிறகு அந்தப் பக்கத்தின் உள்ளே இருந்த ஹெச்டிஎம்எல்லைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது பொத்தானில் முகவரி இல்லை. நான் எடுத்தது எடுத்தபடிதான் இருந்தது.

எனக்கு வயதாகிவிட்டது, வெயிலில் ஏதோ மயக்கம் என்று வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வார முடிவில் அரசு அலுவலகத்தில் இருந்து போன் வந்தது. பேசியது ஒரு இளம் பொறியாளர், ஷகிலா என்று பெயர். பக்கத்தின் அடியில் செய்தவர் என்று என் பெயரும் போன் எண்ணும் இருந்ததால் கூப்பிட்டிருக்கிறார்.

“சார், உங்க பக்கத்துல இருந்து இத்தனை நாளா ஒரு புகாரும் வரலை. புதன்கிழமை மத்தியானம் மொத்தமா வந்திருக்கு. இது என்ன கணக்கு?”

நேரில் போனேன். அச்செடுத்து அடுக்கி வைத்திருந்தார். கிடங்கில் இருந்தே மனசாட்சி உள்ள யாரோ அனுப்பியிருக்கலாம் என்பது அவர் ஊகம். எனக்கும் அந்த ஊகம் பிடித்திருந்தது, அப்பாடா என்று இருந்தது, தேசம்மாவின் தாளைக் கையில் எடுக்கும் வரைக்கும். துர்நாற்றம் வீசுகிறது, மூச்சுத்திணறல் உள்ளது, எல்லாம் நான் அடித்தபடி. அதற்குக் கீழே ஒரு வரி. ‘ராத்திரில அது மூச்சு வுடறத எண்ணிக்கினே படுத்துக்கினு கீறேன்.’

அதை நான் அடிக்கவில்லை. கிடங்குக்காரர்களிடம் போனதிலும் அது இருந்திருக்க முடியாது. என் கடையில், என் காதில் மட்டும் விழுந்த பேச்சு அது.

“இந்த வரியைத்தான் சார் என்னால தாண்ட முடியலை. நாளைக்கே இன்ஸ்பெக்‌ஷன் போறேன்” என்றார் ஷகிலா. “ஆனா இந்தப் பக்கம் எப்படி வேலை செஞ்சுதுன்னு யாராவது எழுத்துல குடுத்தாத்தான் நான் மேற்கொண்டு போக முடியும்.”

நான் கொடுக்கிறேன் என்றேன்.

கடைக்கு வந்து, இன்னும் எடுக்காமல் வைத்திருந்த அந்தப் பக்கத்தில், இரண்டாவது பொத்தானுக்குள் அந்த ஒரு வரியைத் திரும்ப எழுதினேன். அந்தப் பொத்தான் வழியாகவே என் வாக்குமூலத்தையும் அனுப்புவது என்று முடிவு செய்தேன். நல்ல தமிழில், பத்தி பிரித்து எழுதினேன். மேலாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் முகவரியை நீக்கினேன், அதனால் அரசுக்குச் சேர வேண்டிய புகார்கள் நிறுவனத்துக்குச் சென்றன, இதற்காக வருந்துகிறேன். எட்டியப்பன் பெயரை நான் போனில் சொன்னதை எழுதவில்லை. மறந்து விட்டுவிடவில்லை. எழுத உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவ்வளவு சொன்னது போதும் என்று விட்டுவிட்டேன். பொத்தானை அமுக்கினேன். அமுக்கிய விரலை எடுக்கச் சற்று நேரமானது. இந்த வயதில் விரல் கொஞ்சம் மரத்துப் போகும்.

மறுநாள் ஷகிலா கூப்பிட்டார்.

“சார், ஸ்டேட்மென்ட் வந்துச்சு. அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். அந்தத் தொழிலாளியைப் பழிவாங்கித்தான் எடுத்தாங்கன்னு அதை வெச்சுத்தான் சொல்ல முடியும். அதை நேர்ல வந்து உறுதிப்படுத்துவீங்களா?”

“எந்த வரி?” என்றேன்.

அவர் படித்தார். “‘எட்டியப்பன் பேர போன்ல சொன்னது நான்தான். அவன் கேட்டான், சொல்லிக்கீறேன்.’”

அந்த வரியை நான் அடிக்கவே இல்லை என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. அது என் எழுத்தில்லை, ஏதோ தவறு நடந்திருக்கிறது, புதன்கிழமை நடந்த மாதிரி இதுவும் ஒரு கோளாறு என்று சொல்லிவிட்டிருக்கலாம். சொல்லியிருந்தால் அவரும் நம்பியிருப்பார், என் வயதுக்கு அந்த மரியாதையைக் கொடுத்திருப்பார். ஆனால் அதில் இருந்தது பொய்யில்லையே.

“ஆமாம்மா. அது நான்தான். வந்து கையெழுத்துப் போடுகிறேன்” என்றேன்.

அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் எர்ணாவூருக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே தேசம்மா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். எட்டியப்பன் பக்கத்தில் குந்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வேலை போன பிறகு கிடைத்த நாளில் மூட்டை தூக்கப் போவார் என்று அப்புறம் தெரிந்தது.

“வா வாத்யாரே, இன்னா இவ்ளோ தூரம்? மீனு துன்றியா?” என்றாள்.

நின்றுகொண்டே சொன்னேன். பொத்தானைச் சொன்னேன், அது எங்கே போனது என்று சொன்னேன். பெயரை நான்தான் சொன்னேன் என்பதையும் சொன்னேன். எண்ணெயில் இருந்த மீன் கருகுகிற வாசனை வந்தது, யாரும் திருப்பவில்லை.

எட்டியப்பன் கத்தியைக் கீழே வைத்தார். “ஏன் வாத்யாரே? நா உன்கிட்ட இன்னா தப்பு பண்ணேன்?”

“ஒன்றும் பண்ணவில்லை. அவர் என்னை மரியாதையாகக் கூப்பிட்டார்.”

“அவ்ளோதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் என்னையே பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “என்கிட்ட கேட்டிருந்தா நான் கூப்ட்டிருப்பேனே உன்ன மரியாதையா” என்றார்.

தேசம்மா கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள், என்னைத் தாண்டிப் படியேறிப் போனாள். மேலே ஒரு கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. “அடியே அஞ்சல, தொறடி. நான்தாண்டி.” மறுபடியும் தட்டினாள். “தொறடி. எம்மேலதான் தப்பு. செருப்பால வேணும்னாலும் அடி, ஆனா தொற.” தாழ்ப்பாள் எடுக்கிற சத்தம் வந்தது. அப்புறம் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம், திட்டுகிறார்களா அழுகிறார்களா என்று கீழே இருந்து பிரிக்க முடியவில்லை. எட்டியப்பன் அடுப்பை அணைத்துவிட்டு, “நீ போ வாத்யாரே, இன்னிக்கு இது முடியாது” என்றார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று இருந்தது, என்னைப் பார்த்து அல்ல, மாடியைப் பார்த்து.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷகிலா போய்ப் பார்த்ததில் ஒரு தொட்டியின் மூடி சரியாக அடையாமல் இருந்தது தெரிந்தது, மாற்ற வைத்தார். குடியிருப்பு மொட்டைமாடியில் காற்றை அளக்கிற ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். நாற்றம் அடியோடு போகவில்லை. முன்னைப் போல தினமும் இல்லை. எட்டியப்பனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், என் கையெழுத்தும் அதற்கு ஒரு காரணம் என்றார் ஷகிலா. மேலாளர் ஒரே ஒரு தடவை போன் செய்தார், அப்போது ப்ரொபசர் என்று கூப்பிடவில்லை. தேசம்மாவின் மகள் யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தேசம்மா மறுபடியும் என் கடைக்கு வந்தாள், போன மாதம், அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு. ரேஷன் கார்டு சமாச்சாரம்.

“நான் போன்லயே பேசி எயுதிக்கினேன் வாத்யாரே. நீ நடுவுல வராத. பிரின்ட்டு மட்டும் எடுத்துக் குடு.”

“அதையாவது ஒயுங்கா பண்றாரா பாரு” என்றாள் அஞ்சலை.

எடுத்துக் கொடுத்தேன்.

கையெழுத்துப் போடப் போன அன்று அலுவலகத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன், அதுதான் இன்றைக்கும் என்னை உறங்கவிடாமல் செய்கிறது. வாக்குமூலத்தின் அச்சுப் பிரதியை மேசையில் வைத்தார்கள். மேலே இருந்ததெல்லாம் என் தமிழ். கடைசி வரி மட்டும் வேறு. மேலாளரை நான் ஒரு நாளும் அவன் என்று சொன்னவனில்லை. ஆனால் அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். ராயபுரத்தில் துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர் வீட்டில் பிறந்து வளர்ந்தபோது நான் அப்படித்தான் பேசினேன். படிக்கப் போன இடத்தில் சிரித்தார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதை விட்டேன். என் மனைவி என் வாயில் அதைக் கேட்டதில்லை, என் பிள்ளைகள் கேட்டதில்லை. நான் அப்படிப் பேசிக் கேட்டவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை.

ஷகிலா தயங்கித் தயங்கிக் கேட்டார். “சார், இந்த ஒரு வரியை மட்டும் மேல இருக்கிற மாதிரி நல்ல தமிழ்ல மாத்தி அடிச்சுட்டுக் கையெழுத்து வாங்கட்டுமா?”

“வேணாம்மா. அது அப்டியே கெடக்கட்டும்” என்று சொல்லி, அதன் கீழேயே கையெழுத்துப் போட்டேன்.